சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிய ஜீப்

அழகுமலை வீட்டு டிவி மசியவில்லை. கையிலிருந்த கன்ட்ரோலரின் பொத்தான்களை எல்லாம் ஒரு சுற்று அமுக்கிப் பார்த்தாகிவிட்டது. திரையில் ஒரு ஈ மட்டும் நடந்துகொண்டிருந்தது.

"என்னங்க, அதைப் போட்டு இந்த அமுக்கு அமுக்குறீக?" என்றாள் ராமுத்தாய், அடுப்படியிலிருந்து.

"டெஸ்ட் பண்றேன். நல்லா வேலை செஞ்சாத்தான மாப்ளைக்குக் குடுக்க முடியும்?"

மாப்ளை என்பது லயத்தில், அதாவது ஒரே சுவர் பகிர்ந்து நிற்கும் எஸ்டேட் வரிசை வீடுகளில், பக்கத்து வீட்டு ஆனந்தகுமார். சூரியநெல்லியிலிருந்து சுற்றுலாக்காரர்களை மலைக்கு ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர். படியில் வழுக்கி விழுந்து வலது கை முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, விரல்கள் மட்டும் சோம்பிப் போயின. விரலுக்கு வேலை கொடு என்று டாக்டர் தந்த ரப்பர் பந்தை அவன் தொடக்கூட இல்லை. ஸ்டியரிங் இனித் தனக்கில்லை என்று முடிவுகட்டி மூலையில் உட்கார்ந்துவிட்டான்.

அதை அழகுமலையால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஓர் அடைமழையில் ராமுத்தாய்க்குக் குடல்வால் வெடித்தபோது, ரோடு பாதி இடிந்து கிடந்தும், அவளை மூணாறு ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்த்தவை அந்தக் கைகள்தாம். அந்த நன்றியை எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் தவித்தவர், டிவியில் ஜீப் ஓட்டும் விளையாட்டு ஒன்று உண்டென்று கேள்விப்பட்டு, இருப்பதிலேயே மலிவான வயர் இல்லாத கன்ட்ரோலரை வரவழைத்தார். ஜோடியாக வந்தது. இரண்டும் ஒரே அச்சு. அந்த விலைக்கு விளக்கெல்லாம் எரியும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆனந்தகுமார் வீட்டு டிவியில் விளையாட்டை ஏற்றிப் பார்த்தபோது ஜோடியில் ஒன்று செத்துக் கிடந்தது. சமாதானத்துக்கு அதை அவன் கையில் கொடுத்து, "சும்மா புடிச்சுப் பழகு மாப்ள. இன்னொண்ணை நான் சார்ஜ் ஏத்தி, டெஸ்ட் பண்ணிக் கொண்டாரேன்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். கூடவே வந்த சுண்டுவிரல் நகமளவு ரிசீவரை அந்த டிவியிலேயே செருகிவிட்டு வந்ததுதான் கோளாறு. அது எந்த டிவியில் இருக்கிறதோ அந்த டிவியில்தான் ஜீப் ஓடும் என்பதும், லயத்துச் சுவரெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை என்பதும் அவருக்குத் தெரியாது.

குறை தன் டிவியில்தான் என்று நினைத்து செட்டிங்ஸுக்குள் நுழைந்தார். எழுத்தெல்லாம் சீன மொழிக்கு மாறியது. அதைத் திருத்தப் போய் சேனல் மொத்தமும் அழிந்தது. சீரியல் போன துக்கத்தில் ராமுத்தாய் கரண்டியோடு வந்து நின்றாள். எரிச்சலில் ஒரு பொத்தானைக் குத்தினார்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஹாரன் அடித்தது.

மறுபடி குத்தினார். மறுபடி ஹாரன். பின்னாலேயே ஆனந்தகுமாரின் மனைவி கௌசிகாவின் குரல்.

"அண்ணே, இவரு அமுக்கினாரு, வண்டி சத்தம் குடுக்குதுண்ணே."

சொல்லும்போதே அவள் சிரித்துவிட்டாள். கணவன் விழுந்த நாளிலிருந்து அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு. அமுக்கினது நான் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

"அப்படித்தான் மாப்ள, ஓட்டு" என்று கத்திவிட்டார். வசமாக மாட்டிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து தேயிலை ஃபேக்டரி விட்டு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரோரம் உட்கார்ந்துவிடுவார். ஜீப் அந்தப் பக்கம், டிரைவர் இந்தப் பக்கம். "ஏங்க, இடது பக்கம் பள்ளம்" என்று கௌசிகா சொன்னால் இவர் வலது பக்கம் ஒடிப்பார். ஜீப் உருளும் சத்தம் கேட்டால் இவருக்கு வியர்க்கும்.

"காப்பி ஆறுது" என்பாள் ராமுத்தாய்.

"பேசாத. கொண்டை ஊசி வளைவு."

நாளாக ஆக உருள்வது குறைந்தது. கண்ணால் பார்க்காமலே வண்டியோட்டும் திறமை தன்னிடம் இத்தனை காலம் சும்மா கிடந்ததே என்று அழகுமலைக்குக் கொஞ்சம் பெருமையும் வந்தது.

ஆனந்தகுமார் ஓட்டுவதைப் பார்க்க லயமே கூடியது. சேதி ஜீப் முதலாளி ஜோஜோ வரைக்கும் போய், ஒரு சாயங்காலம் அவரே வந்து நின்று, மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்.

"கை சரியாயிருச்சல்லோ ஆனந்தா. திங்கக்கெழமை வண்டியை எடுத்துக்கோ."

சுவருக்கு இந்தப் பக்கம் அழகுமலை துள்ளி எழுந்தார். திரையில் உருண்டால் ஜீப் திரும்ப முளைத்துவிடும். மலையில், ஆட்களை ஏற்றிக்கொண்டு, வேலை செய்யாத விரல்களோடு போனால்? கன்ட்ரோலரும் கையுமாக ஓடினார்.

"மொதலாளி, வண்டியக் குடுத்துறாதீக. இம்புட்டு நாளும் ஓட்டினது இவன் இல்ல. நான்."

கௌசிகாவின் முகம் வாடிப்போனது. அழகுமலை ஆனந்தகுமார் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, எம் பொஞ்சாதி இன்னைக்கு உசுரோட இருக்கான்னா அது நீ குடுத்தது. உன் மனசு ஒடிஞ்சிரக் கூடாதுன்னுதான் ஓட்டினேன். ஆனா உன்னைய மலையில உருள விடமாட்டேன்."

"நீங்களா மச்சான்?" என்றான் ஆனந்தகுமார், ஒன்றும் புரியாமல்.

"இந்தா பாரு" என்று ஹாரன் பொத்தானை அமுக்கினார் அழகுமலை. சத்தம் வரவில்லை. இரண்டு கையாலும் அமுக்கினார். ஜீப் நின்ற இடத்திலேயே நின்றது.

ஆனந்தகுமார் தயங்கித் தயங்கித் தன் கையிலிருந்ததை அமுக்கினான். ஹாரன் அடித்தது. வலது கட்டைவிரலை மெல்லச் சாய்த்தான். ஜீப் வளைவில் அழகாகத் திரும்பியது.

பின்னாலேயே வந்திருந்த ராமுத்தாய் வாசலில் நின்றபடி சொன்னாள்.

"உங்க கையில இருக்கது செத்தது. ஹாரன் அடிச்ச மறுநாளே, நீங்க ஃபேக்டரிக்குப் போன நேரத்துல, நல்லதை நான் இங்க மாத்தி வச்சுட்டேன். சொல்லியிருந்தா, நீங்க பக்கத்துல உக்காந்து கத்துக்குடுத்தே தம்பி கையைத் தேற விட்டிருக்க மாட்டீக."