காலி ஆணி

தூண்டில் முள் சோபாவைத் தாண்டி, டீப்பாயைத் தாண்டி, நேராகப் போய் மாமனாரின் மேல் மாட்டிக்கொண்டது. சுவரில் சட்டத்துக்குள் இருந்த மாமனார். அசல் மாமனார் அந்த நேரம் குளியலறையில் இருந்தார். அந்த மட்டில் அவரும் தப்பித்தார், தூண்டில் வீசியவனும் தப்பித்தான்.

சின்ன மாப்பிள்ளை தூண்டிலை மெல்ல இழுத்துப் பார்த்தான். முள் வருவதாக இல்லை. கொஞ்சம் பலமாக இழுத்தான். முள் வந்தது, கூடவே படமும் வந்தது. கண்ணாடி ஹால் முழுக்கச் சிதறியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்குள் நின்று தூண்டில் வீசிப் பழகுகிறவனுக்கு வேறென்ன கிடைக்கும்? அவனை மட்டும் சொல்லியும் குற்றமில்லை. அந்த வீட்டில் மூளை இருந்த இடத்தில் மீன் குடியேறி வெகுகாலம் ஆகிவிட்டது.

ஹால் சுவரில் வரிசையாக ஒன்பது ஆணிகள், ஒன்பது படங்கள். ஏழில் மாமனார். இரண்டில் மூத்த மாப்பிள்ளை. ஒன்பதிலும் கையில் பாஸ் என்கிற சீமை மீன் ஒன்று, கைக்குழந்தை அளவுக்கு. ஊருக்கு வெளியே இருக்கும் ஏரியில் அதைப் பிடிக்கலாம். ஆனால் பிடித்த கையோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். சமைக்க முடியாது, விற்க முடியாது, வீட்டுக்குக் கொண்டுவரவும் முடியாது. மிஞ்சுவது பீற்றிக்கொள்வது ஒன்றுதான். மாமனார் போவதே அதற்குத்தான்.

மீனோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. மாமனாருக்கு ஒரு பெயிண்ட் கடை இருந்தது. எழுபது வயது முடிந்துவிட்டதால் முதலாளி நாற்காலியை மாப்பிள்ளைகளில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு ஓய்வெடுக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். யாருக்கு என்பதில்தான் மீன் குறுக்கே வந்தது. மீன் பிடிக்கிற பொறுமை இல்லாதவனுக்குக் கடை நடத்துகிற பொறுமை வராது என்று எந்த நேரத்தில் அவருக்குத் தோன்றியதோ, அன்றிலிருந்து அதையே வேதமாகப் பிடித்துக்கொண்டார்.

சின்ன மாப்பிள்ளை அந்தக் கடையில் ஒன்பது வருஷமாக நிறம் கலக்கிறான். சுவரிலிருந்து ஒரு சில்லைப் பெயர்த்து வந்து காட்டினால் போதும், அதே நிறத்தை அச்சாகக் கலந்து கொடுத்துவிடுவான். ஏரியின் படகுத்துறைக்காரருக்கு மாமனார் வருஷா வருஷம் இனாமாகக் கொடுக்கிற ஒரு டப்பா பச்சை உட்பட, கடையைவிட்டு வெளியே போகிற எல்லா நிறமும் அவன் கை கலந்ததுதான். மூத்த மாப்பிள்ளையோ பார்த்துக்கொண்டிருந்த விற்பனை வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஏதோ செய்யப் போவதாக இரண்டு வருஷமாகச் சொல்லி வருகிறவர். பதினொரு மணிக்குக் கடைக்கு வருவார், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து டீ குடிப்பார், போய்விடுவார். ஆனால் சுவரில் அவருக்கு இரண்டு மீன்.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. சின்ன மாப்பிள்ளை கண்ணாடித் துண்டுகளைச் சோபாவுக்கு அடியில் தள்ளினான், உடைந்த படத்தைப் பீரோவுக்குப் பின்னால் செருகினான். முதல் ஆணி காலியாக இருந்தால் மாமனார் கண்ணில் முதலில் அதுதான் படும். அதனால் மாமனாரின் ஏழாவது படத்தைக் கழற்றி அங்கே மாட்டி, மூத்தவருடைய இரண்டையும் ஓர் ஆணி முன்னால் நகர்த்தினான். இப்போது கடைசி ஆணிதான் காலி.

மாமனார் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, வழக்கம்போல முதல் படத்துக்குக் கீழே நின்றார். அன்றைக்கு அடித்த காற்றையும், அந்த மீன் அவரை முக்கால் மணி நேரம் அலைக்கழித்ததையும் அப்போதுதான் உள்ளே வந்த மூத்த மாப்பிள்ளைக்கு ஆயிரத்தோராவது தடவையாகச் சொன்னார். படத்தைத் தொட்டுக் காட்டியே சொன்னார். தான் தொட்டது ஏழாவது மீன் என்பது அவருக்குத் தெரியவில்லை. கேட்டவருக்கும் தெரியவில்லை. சின்ன மாப்பிள்ளை மூச்சுவிட்டான்.

அவன் மனைவி காபியோடு வந்து சுவரைப் பார்த்தாள். "ஏங்க, அந்தக் கடைசி ஆணி ஏன் சும்மா இருக்கு?" என்றாள். புருஷனைப் போட்டுக்கொடுக்க வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. அவள் கேட்டால் அப்படித்தான் முடியும்.

"அது புது ஆணி. நான்தான் அடிச்சேன்" என்றான் அவன். எதற்கு என்று எல்லா முகமும் அவன் பக்கம் திரும்பியது. "என் மீனுக்கு. அடுத்த ஞாயிறு போய்ப் பிடிக்கப் போறேன்."

வாய் சும்மா இருக்கக் கூடாதா? மூத்த மாப்பிள்ளை காபியைப் புரையேற்றிக்கொண்டு சிரித்தார். மாமனார் சிரிக்கவில்லை. மரியாதை குறையாமல் மென்னியைப் பிடிப்பது அவருக்குக் கைவந்த கலை.

"ரொம்ப சந்தோஷம் மாப்பிள்ளை. அடுத்த ஞாயிறு இந்த ஆணியில உங்க படம் தொங்கினா, திங்கட்கிழமை நாற்காலியில நீங்க உட்காருங்க. இல்லேன்னா பெரியவர் உட்காரட்டும்."

அன்று இரவு மனைவி விளக்கை அணைத்தாள். ஒன்பது வருஷம் உழைத்ததை ஓர் ஆணியில் கொண்டுபோய் மாட்டிவிட்டீர்களே என்று மட்டும் கேட்டாள். அவள் கேட்டது நியாயம்தான்.

மறுநாள் தூண்டில் சாமான் விற்கிற கடைக்குப் போனான். கடைக்காரர் அவன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்த விதத்திலேயே ஆளை எடை போட்டுவிட்டார். அவன் கையிலிருந்தது சின்னப் பிள்ளைகள் வைத்துக்கொள்ளும் தூண்டில் என்றும், பாஸ் பிடிக்கிறவர்கள் தொடுகிற ரீலே வேறு என்றும் சொல்லி, உள்ளேயிருந்து ஒன்றை எடுத்து வந்தார். அதில் தூண்டில் நரம்பு போகிற வேகத்துக்குச் சக்கரத்தைக் கட்டைவிரலால் அடக்க வேண்டுமாம். அடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் சொல்லவில்லை. கூடவே ஊதா நிறத்தில் மினுமினுக்கிற ரப்பர் புழுக்கள் ஒரு பொட்டலம். பாஸ் மீனுக்கு ஊதா என்றால் உயிராம்.

அடக்காவிட்டால் என்ன ஆகும் என்பது அன்றைக்கே பெயிண்ட் கடையின் கொல்லைப்புறத்தில் தெரிந்தது. முதல் வீச்சில் புழு நாலடி போய் விழுந்தது. சக்கரம் மட்டும் சுழன்றுகொண்டே இருந்தது. ரீலுக்குள் நரம்பு குருவிக்கூடு கட்டியது. அதைப் பிரிக்க ஒன்றரை மணி நேரம். இரண்டாவது வீச்சில் வெள்ளைச் சுண்ணாம்பு வாங்க வந்த மேஸ்திரியின் தொப்பி பறந்தது. மூன்றாவது வீச்சு வீச மேஸ்திரி விடவில்லை.

வேறு வழியில்லாமல் மூத்த மாப்பிள்ளையிடம் யோசனை கேட்டான். புத்தி கெட்டால் இப்படித்தான் கெடும். "சகலை, விடியற்காலையில போறவன் முட்டாள். வெயில் உச்சிக்கு வந்தாத்தான் பாஸ் வாயைத் திறக்கும்" என்றார் அவர். பாஸ் மீனுக்கு மனிதக் குரல் ஆகாது, ஒரு இருமல் கேட்டால் போதும், அரை மைல் ஓடிவிடும் என்றும் சொன்னார். தான் இரண்டு மீனையும் நின்ற நிலையில், கண் இமைக்காமல் பிடித்ததாக அளந்துவிட்டார். சின்ன மாப்பிள்ளை எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் ஏரிக்குப் போய்ச் சேர்ந்தான். நிஜமாகவே பிடிக்க வந்த இரண்டொருவர் காலையிலேயே வந்துவிட்டுப் பத்து மணிக்கெல்லாம் கிளம்பிப் போய்விட்டிருந்தார்கள். படகுத்துறைக்காரர் கரையில் கிடந்த சிவப்புப் படகுகளில் ஒன்றைத் தண்ணீரில் தள்ளிவிட்டு, இன்னார் மாப்பிள்ளை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"பெரிய மீன் வேணும்னா சொல்லுங்க சார். ஏற்பாடு பண்ணிடலாம்."

நல்ல இடமாகப் பார்த்துக் கூட்டிப்போகத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தான் சின்ன மாப்பிள்ளை. அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "வேண்டாங்க. யார் தயவும் இல்லாம நானே பிடிச்சாத்தான் எனக்கு மதிப்பு" என்றான். படகுத்துறைக்காரர் காய்ச்சல்காரனைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்துவிட்டுத் துடுப்பை எடுத்தார்.

அடுத்த மூன்று மணி நேரத்தில் அவன் பிடித்தவை: கோரைப்புல், ஒரு செருப்பு, படகுத்துறைக்காரரின் சட்டைக் கை, தன் சொந்தக் காது. இருமல் வந்தபோதெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணீர் விட்டான். பிடரி வெந்துபோயிற்று. கடைசியாக ஒரு வீச்சு வீசியதில் குருவிக்கூடு முன்னைவிடப் பெரிதாகக் கட்டிக்கொண்டது. நாற்காலி போயிற்று என்று அப்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது. ரீலை மடியில் வைத்துக்கொண்டு, பல்லால் ஒரு முடிச்சைக் கடித்து இழுத்தான். புழு படகோரமாகத் தண்ணீரில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

நரம்பு அவன் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது.

அவன் கோலை விட்டுவிட்டு வெறுங்கையால் நரம்பைப் பிடித்து இழுத்தான். உள்ளங்கை அறுபட்டது, படகு ஆடியது, படகுத்துறைக்காரர் ஏதோ கத்தினார். ஒன்றரைச் சாண் நீளத்தில் ஒரு பாஸ் மீன் படகுக்குள் வந்து விழுந்து துள்ளியது. மங்கலான பச்சை, வயிறு வெளுப்பு, விலாவில் கறுப்பாக ஒரு கோடு. அதன் வாய் மட்டும் உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் பெரிதாக இருந்தது. சின்ன மாப்பிள்ளைக்கு அழுகை வந்தது. ஒரு கையில் மீனையும் மறு கையில் போனையும் பிடித்துப் படம் எடுக்கப் போனான். மீன் ஒரு துள்ளு துள்ளியது. மீன் கையில் நின்றது. போன் ஏரியில் போனது.

படம் இல்லாத மீனை யார் நம்புவார்கள்? ஒரே ஒரு ராத்திரி வீட்டுக்குக் கொண்டுபோகவிடும்படி படகுத்துறைக்காரரிடம் கெஞ்சினான். அவர் மீனைப் படகிலிருந்த தண்ணீர் வாளியில் போட்டுவிட்டு, குனிந்து அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க வீட்டு ஆளுங்கள்ல..." என்று ஆரம்பித்து, எதையோ விழுங்கிக்கொண்டார்.

"சரி, கொண்டு போங்க. நாளைக்கு எனக்கே உங்க கடையில ஒரு வேலை இருக்கு. திரும்பும்போது நானே எடுத்துட்டு வந்து ஏரியில விட்டுடறேன்."

வீட்டில் ஹால் நடுவே வாளியை வைத்தான். காது வீங்கி, பிடரி சிவந்து, சட்டையெல்லாம் செதிளாக நின்றாலும் அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை மனைவி கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். மூத்த மாப்பிள்ளையும் குனிந்தார். இருவரும் நிமிர்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இது பாஸே இல்லையே மாப்பிள்ளை" என்றார் மாமனார்.

மூத்தவர் பாடம் எடுக்கத் தொடங்கினார். பாஸ் என்றால் பச்சை பளிச்சென்று கண்ணைப் பறிக்குமாம். இது பாசி நிறம். பாஸின் வாய் அளவாக இருக்குமாம். இது வாயா, வாசலா? மாமனார் சுவரைக் காட்டினார். "ஒன்பது படமும் முன்னாடி இருக்கு. பார்த்துக்குங்க. முக்கியமா, பாஸ் இப்படிக் கிடந்து துள்ளாது. கையில எடுத்தா ஆடாம அசையாம கம்பீரமா இருக்கும். எனக்கா தெரியாது?" ஒன்பது படம் எங்கே, எட்டுதானே இருக்கிறது என்று எண்ணிச் சொல்ல அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஏதோ குட்டைமீனைக் கொண்டுவந்து பாஸ் என்று ஏமாற்றப் பார்த்தான் என்ற பேரும் அன்றைக்கு அவனுக்குக் கிடைத்தது. மனைவி மட்டும் அவன் காதுக்கு மருந்து போட்டுவிட்டாள். மீன் ராத்திரி முழுக்கக் குளியலறைத் தொட்டியில் சுற்றிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் யாரும் குளிக்க முடியவில்லை என்று அதற்கும் அவனுக்குத்தான் வசவு.

திங்கட்கிழமை பத்து மணிக்குக் கடையில் எல்லோரும் கூடினார்கள். மூத்த மாப்பிள்ளை புதுச் சட்டை போட்டிருந்தார். மேஸ்திரியும் நாலைந்து வாடிக்கைக்காரர்களும் வந்திருந்தார்கள். சின்ன மாப்பிள்ளை நிறம் கலக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றான். காலடியில் ஒரு புதுப் பெயிண்ட் வாளியில் மீன். அவ்வப்போது அது துள்ளி அவன் காற்சட்டையை நனைத்தது. அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

மாமனார் சின்னதாக ஒரு பிரசங்கம் செய்தார். பொறுமை, நேர்மை, ஏரி எல்லாம் அதில் வந்தன. யாரோ ஒருவர் இங்கே குறுக்குவழியில் போகப் பார்த்தார், பேர் வேண்டாம் என்றார். எல்லோரும் இயந்திரத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு மூத்த மாப்பிள்ளையின் தோளைப் பிடித்து அழுத்தி நாற்காலியில் உட்காரவைத்தார். நாற்காலி கிறீச்சென்றது. மேஸ்திரி கை தட்டினார்.

அந்த நேரம் பார்த்துப் படகுத்துறைக்காரர் உள்ளே வந்தார். தோளில் சாக்கில் சுற்றிய ஒரு கட்டு, கைக்குழந்தை அளவுக்கு. இத்தனை கூட்டம் எதற்கு என்று அவருக்குத் தெரியாது. கட்டைப் பதமாக மேசைமேல், மூத்த மாப்பிள்ளைக்கு முன்னால் இறக்கி வைத்துவிட்டு, மாமனாரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

"ஐயா, நம்ம மீனுக்கு மறுபடியும் வால்பக்கம் பெயிண்ட் உரிஞ்சுபோச்சு. அதே பச்சையில ஒரு கோட் அடிச்சுக் குடுங்க. வர்ற ஞாயித்துக்கிழமை ஒரு வக்கீல் இதைப் பிடிக்க வர்றார், அதுக்குள்ள காயணும்."