மூணு ஸ்டாப் தள்ளி ஒரு மருந்துக்கடை

நின்றுபோன லிப்டை ஓட வைப்பதுதான் அவர் தொழில். அந்த மெக்கானிக் சொந்த விஷயத்தில் எட்டு மாசம் வாயைத் திறக்கவில்லை என்றால் தலையில் அடித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

புராஸ்டேட்டில் புற்றுநோய். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து ஆள் பிழைத்தார். வீட்டுக்குக் கிளம்பும்போது டாக்டர், "தாம்பத்தியம் கெடாம இருக்க இப்பவே மாத்திரை ஆரம்பிக்கணும். அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறையக் கூடாது" என்றார். இவர் பெரிய மனுஷத் தோரணையில், "அதெல்லாம் எங்களுக்கு இனிமே எதுக்கு டாக்டர்?" என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி ஆஸ்பத்திரிக் காகிதங்களை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

அன்றிலிருந்து கூடத்தில் படுக்கை. கேட்டால் முதுகுவலி. உண்மையில் பயம். நெருங்கிப் போய் முடியாமல் போனால் அவள் முகத்தில் எப்படி முழிப்பது? முப்பது வருஷம் தன் தோளில் தலை வைத்துத் தூங்கியவளை அநியாயமாகத் தனியே விட்டுவிட்டோமே என்று கடைசியில் மனசு கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாமல் டாக்டரிடம் போய் மருந்துச் சீட்டு வாங்கினார்.

வாங்கி என்ன செய்ய? தெருமுனை மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பதே அவர் மனைவிதான். ஆகவே தொப்பி ஒன்றை மாட்டிக்கொண்டு மூணு ஸ்டாப் தள்ளிப் போனார்.

"ஸ்டாக் இல்லீங்க. வேற கடையில சொல்லி வரவழைக்கிறேன், உக்காருங்க" என்ற கடைக்காரர், சீட்டில் இருந்த மருந்தை இவர் பேரோடு சேர்த்துப் போனில் வாசித்தார். இல்லாத மருந்தைக் கடைகள் ஒன்றிடம் ஒன்று வாங்கிக்கொள்ளும் என்பது, மருந்துக்கடைக்காரியோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

கால் மணி நேரத்தில் மனைவியே வந்து நின்றாள்.

"தொப்பி நல்லாருக்கு."

"இல்ல... தலைவலி மாத்திரைக்கு..."

"இதானே?" அட்டையை அவர் கையில் வைத்தாள். "டாக்டர் என்ன சொன்னாரு?"

"அப்பவே ஆரம்பிச்சிருக்கணுமாம். இப்பவும் முயற்சி பண்ணலாம், பழையபடி ஆகும்னு உறுதியாச் சொல்ல முடியாதுன்னாரு."

"பழையபடி வேணும்னு நான் கேட்டேனா? உள்ள வந்து படுத்தா ஆகாதா?"

அவர் தொப்பியைக் கழற்றினார். எட்டு மாசம். யாருக்காக இந்த வீறாப்பு?

"தப்புப் பண்ணிட்டேன்மா. உன்கிட்டயே கேட்டிருக்கலாம்."

"கேப்பீங்கன்னுதான் ஆபரேஷன் முடிஞ்ச வாரமே ஒரு அட்டை எடுத்து என் டிராயர்ல வச்சேன். தேதி முடிஞ்சுதுன்னு போன மாசம்தான் குப்பையில போட்டேன்."