நாக்கு பாய் பார்த்துக் கொடுத்த வண்டி

பூமியில் பிறந்த மனிதர்களில் மோட்டார் காரை நக்கிப் பார்த்து விலை பேசியவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் பழவேற்காட்டு நாக்கு பாய். அப்படி அவர் பார்த்துக் கொடுத்த வண்டியை ஓட்டிய பாவி நான். இத்தனை வருஷம் கழித்து இதை எழுத உட்கார்ந்தாலும் கோபத்தில் பிரஷர் ஏறுகிறது. வயதும் ஒரு காரணம் என்று டாக்டர் சொல்கிறார். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

பாய்க்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை. ஏரிக்கரையில் ஒரு ஓலைக் கொட்டகை போட்டுக்கொண்டு படகு இன்ஜின் ரிப்பேர் பார்த்தார். லைட்ஹவுஸ் குப்பத்து ஆட்கள் இன்ஜினைத் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினால், முதல் வேலையாக ஆயிலில் விரலை விட்டு நாக்கில் வைத்துக்கொள்வார். "உப்புத் தண்ணி பூந்துகீது" என்றால் பூந்திருக்கும். இல்லை என்றால் இல்லை. அதில் தப்பு நடந்து நான் பார்த்ததில்லை. அந்த நாக்கை அவர் படகோடு நிறுத்திக்கொண்டிருந்தால் எனக்கும் அவருக்கும் ஒரு தகராறும் வந்திருக்காது.

எண்பதுகளின் ஆரம்பம். நான் சட்டம் படித்து முடித்து, புதுக் கறுப்புக் கோட்டு தைத்துக்கொண்டு, பொன்னேரியில் ஒரு சீனியர் வக்கீலிடம் ஜூனியராகச் சேர்ந்திருந்தேன். கோர்ட்டு பத்தரைக்கு. எங்கள் ஊர் பஸ்ஸோ மீன் ஏலம் முடிந்தால்தான் நகரும். கூடைகள் ஏறி, கூடைக்காரம்மாக்கள் ஏறி, யார் கூடை யார் காலை இடித்தது என்ற விசாரணை முடிந்து, அதற்குப் பிறகுதான் கண்டக்டர் விசில் ஊதுவார். நான் போய்ச் சேரும்போது மணி பதினொன்று. கோட்டில் இறால் வாடை வேறு.

முதல் தடவை சீனியர் கேட்டார்: "பதினொரு மணிக்கு வர்றதுக்கு நீ இன்னா ஜட்ஜா?"

மூன்றாவது தடவை கேள்வியே இல்லை. கேஸ் கட்டு என்னோடு பஸ்ஸில் இருந்ததால் அவர் மாஜிஸ்ட்ரேட் முன்னால் வெறுங்கையோடு நின்று வாய்தா கேட்கவேண்டி வந்துவிட்டது. அன்று சாயங்காலம் ஆபீஸில் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாகச் சொன்னார். "இன்னொரு வாட்டி லேட்டா வந்தே, கட்ட மேஜ மேல வெச்சிட்டு அப்டியே ஊருக்குப் போயிடு. திரும்பி வராத." எங்கள் வம்சத்தில் வக்கீல் கிடையாது. அவரை விட்டால் பொன்னேரியில் என்னைச் சேர்த்துக்கொள்ள ஆள் இல்லை.

அதனால் கார். அந்தக் காலத்தில் புது வண்டிக்குப் பதிவு செய்தால் வருஷக்கணக்கில் காத்திருந்து, நான் கிழவனாகும்போதுதான் வரும். நைனா, அதாவது என் அப்பா, கயிற்றுக்கடை வைத்திருந்தார். அவர் கொடுக்கச் சம்மதித்த பணத்துக்குப் பழைய வண்டிதான் முடியும். அதற்கும் ஒரு நிபந்தனை போட்டார். "பாயக் கூட்டிம்போ. இரும்பு தெரிஞ்ச மனுசன். அவரு சரின்னு சொல்ற வண்டிதான். இல்லன்னா பஸ்ஸு கீது."

எனக்கு இருபத்துநாலு வயது. மனசுக்குள் ஒரு சிவப்பு ஹெரால்டு கார் ஓடிக்கொண்டிருந்தது. ராயப்பேட்டையில் ஒரு ரிட்டயர்டு ஆபீசர் வீட்டில் அப்படியே ஒன்று விலைக்கு நின்றது. ஞாயிற்றுக்கிழமை ரயில் பிடித்துப் போனோம். வண்டி பளபளவென்று இருந்தது. நான் ஸ்டீயரிங்கைத் தொட்டுப் பார்த்துப் பூரித்துப்போய் நின்றேன். பாய் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. துண்டை விரித்தார், மல்லாக்கப் படுத்தார், வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

ஆபீசர் கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. "தம்பி, உங்களோட வந்தவர் என் வண்டியை நக்கறார்" என்றார் என்னிடம் மெதுவாக.

பாய் வெளியே வந்து துப்பினார். "சாரு கடலோரமா குடியிருந்தீங்களோ?"

"பெசன்ட் நகர்ல எட்டு வருஷம். எப்படித் தெரியும்?"

"உப்பு. மேல ஷோக்கா கீது, அடியில பிஸ்கோத்து. ரெண்டு மழைக்குத் தாங்காது. வா தம்பி."

நான் கெஞ்சிப் பார்த்தேன். வரமாட்டேன் என்று அங்கேயே நின்று பார்த்தேன். அவர் பாட்டுக்கு ஸ்டேஷனைப் பார்த்து நடந்துவிட்டார். நைனாவின் பணம் அவர் சட்டைப்பையில் இருந்தது.

இப்படி ஐந்து ஞாயிறு, பதினொரு வண்டி. ஒவ்வொன்றுக்கும் வாய் கொப்பளிக்க ஒரு சோடா, என் செலவில். திருவல்லிக்கேணியில் ஒருவர் போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். மாம்பலத்தில் ஒரு அம்மா இவரைப் பசியில் இருக்கிறார் என்று நினைத்து உள்ளே போய்த் தயிர்சாதம் கொண்டுவந்தார். பாய் அதையும் சாப்பிட்டுவிட்டு வண்டி வேண்டாம் என்றார். புரசைவாக்கத்து வண்டி ஒன்றை வெகுநேரம் ருசித்துவிட்டு, "மூணு ஓனரு. நடுவுல ஒருத்தன் மீன் யாவாரி" என்றார். விற்க வந்தவர் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டைச் சாத்தினார்.

கடைசியில் அரக்கோணம் தாண்டி ஒரு ஹோமியோபதி டாக்டர் வீட்டுக் கொட்டகை. உள்ளே ஒரு மோரிஸ் மைனர். அரசாங்க ஆஸ்பத்திரிச் சுவருக்கு அடிப்பார்களே, அந்தப் பச்சை. பின்சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. பாய் அடியில் போனவர் வரவே இல்லை. தூங்கிவிட்டாரோ என்று காலைப் பிடித்து இழுத்தேன். வந்தார். கண் கலங்கியிருந்தது.

"தம்பி, இது கடலையே பாக்காத இரும்பு."

"பாய், உள்ள கோழி முட்ட போட்டுகீது."

"முட்டைய டாக்டராண்ட குட்த்துடு."

"எனக்கு இந்தக் கலரே புடிக்கல."

"தெனம் கோர்ட்டுக்குப் போற வண்டி கேட்டியா, பொண்ணு பாக்கப் போற வண்டி கேட்டியா? இதுக்கு எல்லா சாமானும் மெட்ராசுல பழைய இரும்புக் கடையில கெடைக்கும். இன்ஜினு கெய்வி மாதிரி நின்னு நடக்கும், ஆனா நடக்கும். எடு."

எடுத்தேன். அதோடு விட்டாரா? ஊருக்கு வந்ததும் இரண்டு நாள் வண்டி கொட்டகையில் இருக்கட்டும் என்றார். பிரேக் பார்க்கிறார் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் போனபோது தெருமுனையிலேயே மூக்கு எரிந்தது. எங்கள் பக்கம் மரப் படகுக்கு உப்புத் தண்ணீர் ஏறாமலிருக்க சுறா எண்ணெய் பூசுவார்கள். அந்த எண்ணெயில் குங்கிலியத்தைக் காய்ச்சிக் கலந்து, அடிப்பலகை, கதவின் உட்புறம், சக்கரத்துக்கு மேலே, ஓட்டை இருந்த இடம், இல்லாத இடம் எல்லாவற்றிலும் பூசி வைத்திருந்தார். ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை.

"ரெண்டு கோட்டு" என்றார் பெருமையாக. "நம்ம ஊரு காத்து இனிமே இத்த ஒண்ணும் பண்ணாது."

மீன் கூடைக்குப் பயந்து பஸ்ஸை விட்டவன் நான். இப்போது கூடைக்குள்ளேயே உட்கார்ந்து போனேன். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி வரை உள்ள அத்தனை பூனைகளுக்கும் என் வண்டி வரும் நேரம் மனப்பாடம். கோர்ட்டு வாசலில் நிறுத்தினால் காக்கை ஒரு கூட்டம் கூரைமேல் உட்காரும். நான் உள்ளே போய் எழுந்து நின்ற முதல் நாள், மாஜிஸ்ட்ரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் குமாஸ்தாவைப் பார்த்தார். "வழக்குச் சொத்து ஏதாவது கெட்டுப்போயிருக்கா, பாருங்க" என்றார். குமாஸ்தா பார்த்தார், முதலில் அலமாரியை, பிறகு என்னை.

சண்டைக்குப் போனேன். "பாய், எவன் உங்கள எண்ண பூசச் சொன்னது? நான் மனுசனா, கருவாடா?"

"ஒரு மாசம் காஞ்சா வாசன பூடும்" என்றார். ஒரு மாதம் ஆனதும் வந்து மறுபடி ஒரு கோட்டு அடித்தார்.

இதுகூடப் பரவாயில்லை. தினமும் விடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்து முன் பம்பரை நாக்கால் ஒரு தொடு தொட்டுவிட்டுப் போவார். ஒரு சனிக்கிழமை கோர்ட்டு வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டு, நண்பர்களோடு சுண்ணாம்புக்குளம் பக்கம் போய் நண்டு தின்று, கள்ளும் கொஞ்சம் குடித்துவிட்டு வந்திருந்தேன். மறுநாள் காலை நைனா பல் தேய்த்துக்கொண்டு நிற்கிறார். பாய் பம்பரைத் தொட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னா வக்கீலு, சுண்ணாம்புக்குளம் போனியா? சேத்து உப்பு அடிக்குது."

நைனா பிரஷை வாயிலிருந்து எடுத்த விதத்தை நான் விவரிக்க விரும்பவில்லை.

எல்லாவற்றையும் பொறுத்தேன். ஒருநாள் சீனியர் ஒரு நில வழக்குக்காக கும்மிடிப்பூண்டிக்கு என் வண்டியில் வந்தார். வெள்ளைப் பேண்ட். திரும்பி இறங்கும்போது முழங்காலிலிருந்து கணுக்கால் வரை கறுப்பாக ஒரு கோடு. பின்சீட்டில் யாரும் கூப்பிடாமல் ஏறியிருந்த இரண்டு பூனைகள் அவரோடு சேர்ந்து இறங்கின. சீனியர் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "நாளையிலேந்து இந்த வண்டி கோர்ட்டுக்கு வரக்கூடாது. வந்தா, நீ வராத" என்றார்.

வண்டியை விட்டால் பஸ். பஸ் என்றால் பதினொரு மணி. பதினொரு மணி என்றால் மூட்டையைக் கட்டவேண்டியதுதான். ஒரு மனுஷன் நாக்கால் என் பிழைப்பு நாசமாகப் போவதா? அன்றே உட்கார்ந்து பாய்க்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் எழுதினேன். நாலு பக்கம், சுத்தமான இங்கிலீஷ். அனுமதியின்றி எண்ணெய் பூசியது, என் தொழில் கௌரவத்தைக் குலைத்தது, என் பம்பரைத் தொடர்ந்து நக்கிவருவது என்று பதினாலு குற்றச்சாட்டு. நானே சொந்தமாக எழுதிய முதல் நோட்டீஸ் அது. கூடப் படித்த நண்பனிடம் கையெழுத்து வாங்கி ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். காய்ச்சல் என்று ஆபீஸுக்கு இரண்டு நாள் லீவு சொன்னேன், தூக்கம் நன்றாக வந்தது.

மூன்றாம் நாள் காலை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஒன்பதரைக்கே போய்ச் சேர்ந்துவிட்டேன். அன்று ஏலத்துக்கு மீன் இல்லை. சீனியர் ஆபீஸில் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் பாய் நின்றார். சலவைச் சட்டை, தொப்பி, கையில் என் கவர்.

"தம்பி, எவனோ பேமானி எனக்கு வக்கீல் நோட்டீஸு உட்டுகீறான். எனக்கு உன்ன உட்டா எந்த வக்கீலத் தெரியும்? நீதான் பதில் போடணும்."

நான் கட்டுகளை இன்னும் வேகமாக அடுக்கினேன். சீனியர் கையை நீட்டி வாங்கினார். முதல் பக்கத்தில் என் பெயரைப் படித்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஒவ்வொரு குற்றச்சாட்டாகத் தமிழில் சொல்லிக் கேட்டார். பாய் எதையும் மறுக்கவில்லை.

"எண்ண பூசினீங்களா?"

"மூணு கோட்டு சார். ரெண்டுன்னு போட்டிருந்தா திருத்திக்கச் சொல்லுங்க."

"வண்டிய நக்கினீங்களா?"

"தெனமும். மழ நாள்ல ரெண்டு வாட்டி."

"ஏன்யா?"

பாய்க்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. "அவனுக்கு லேட்டானா வேல பூடும்னு அவங்க நைனா வந்து அழுதாரு சார். லேட்டாவாத வண்டி கேட்டாங்க. வாசனையா வண்டி கேட்டாங்க? எங்க ஊர்ல தரையில ஒரு ஓட்ட வுழுந்தா பத்து நாள்ல பிரேக்கு பைப்பு பூடும். பிரேக்கு பூட்டா வண்டியும் பூடும், புள்ளையும் பூடும். வண்டி எடுத்ததுலேந்து ஒரு நாளு, ஒரே ஒரு நாளு லேட்டா வந்தானா கேளுங்க."

சீனியர் என்னைப் பார்த்தார். நான் கட்டைப் பார்த்தேன். அந்த வருஷம் ஐப்பசி முழுக்க அடைமழை. உள்ளூர் வக்கீல்களே பாதி நாள் வரவில்லை. நான் ஒரு நாளும் பத்து மணியைத் தாண்டியதில்லை. பதினாலு குற்றச்சாட்டு எழுதிய எனக்கு இது ஞாபகத்துக்கே வரவில்லை. வெட்கமாக இருந்தது.

"வண்டி புளியமரத்துக்கு அந்தாண்ட நிக்கட்டும்" என்றார் சீனியர். "நான் ஏறமாட்டேன். நீ அதுல வா, போ." பிறகு பாயிடம் கவரை நீட்டினார். "நோட்டீஸ் உட்ட பேமானி இவன்தான்."

பாய் என்னையே பார்த்தார். நாலு வார்த்தை கிழிக்கப்போகிறார் என்று நின்றேன். அவர் சீனியர் பக்கம் திரும்பினார்.

"இங்கிலீஷு நல்லா எழுதிகீறானா சார்?"

"மொத நோட்டீஸுக்கு ஒரு தப்பு இல்ல."

"நாலு பக்கமும்?"

"நாலு பக்கமும்."

பாய் நோட்டீஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். பதில் வரவே இல்லை. அடுத்த வாரம் கொட்டகைப் பக்கம் போனேன். கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருந்தார், நாலு பக்கத்தையும் வரிசையாக. குப்பத்துக்காரர் ஒருவருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். "நம்ம வக்கீலு எழுதுன மொத நோட்டீஸு. வேற யாருக்கு உட்டான்? எனக்குத்தான் உட்டான்."

அந்த வண்டியைப் பன்னிரண்டு வருஷம் ஓட்டினேன். எண்ணெய் விஷயத்தில் நான் அவரை இன்னும் மன்னிக்கவில்லை. இப்போதும் நினைத்தால் நேரில் போய் நன்றாகத் திட்டவேண்டும் போலத்தான் இருக்கிறது. கேட்டுக்கொள்ள அந்த மனுஷன் இன்னும் கொஞ்ச நாள் உயிரோடு இருந்திருக்கலாம்.