தேதி போட்டால் ஒரு மதிப்பெண்

ஒரு காட்டில் செங்கமலம் என்று ஒரு முள்ளம்பன்றி இதழியல் இளங்கலை மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தது. காட்டெருது மருதையனை அது கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அதற்குப் பிறகும் பலமுறை பார்த்திருக்கிறது. ஓடைக்கரையில் பார்த்திருக்கிறது, கல்லூரி வாசலில் பார்த்திருக்கிறது, நின்று பேசியும் இருக்கிறது. ஆனால் அப்போதெல்லாம் மருதையன் காலமாகியிருந்தது.

எப்படி என்று முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

செங்கமலம் இதழியலில் சேர்ந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. முதுகு நிறையப் பேனாவாகக் குத்திக்கொண்டு நிற்கிறதே, வேறென்ன படிக்கப்போகிறாய் என்று காடே கேட்டது. சேர்ந்த பிறகுதான் முள்ளில் மை வராது என்று தெரிந்தது. ஆனாலும் படிப்பு அதற்குப் பிடித்துப்போயிற்று. யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற ஆறு கேள்விகளையும் ஓர் எறும்பை நிறுத்திக் கேட்கப்போய், பின்னால் வந்த எறும்பு வரிசை அரை நாள் நின்றுபோன கதையை முதலாண்டு மாணவர்கள் இன்றும் சொல்வார்கள்.

துறையின் பேராசிரியர் ஒரு கூழைக்கடா. துறைக்கு பீரோ கிடையாது. கேட்டு எழுதிப் பதினோரு மழைக்காலம் ஆகிவிட்டது. அதனால் வருகைப் பதிவேடு, ரெக்கார்டு நோட்டு, பயிற்சி இதழுக்கான செய்திகள் எல்லாவற்றையும் தன் அலகுப் பையிலேயே போட்டு வைத்திருந்தது. பாடம் நடத்த வாயைத் திறந்தால் இரண்டு தாள் கீழே விழும்.

பயிற்சி இதழின் பெயர் ‘சருகு’. மாணவர்கள் எழுதுவதை மரங்கொத்தி வாங்கிப் போய்க் கல்லூரி வாசலில் உள்ள வேங்கை மரத்தில் கொத்தி வைக்கும். கொத்தியது கொத்தியதுதான், அழிக்க வழியில்லை. பையில் கிடக்கும் தாள்களில் எது இதழுக்கு, எது வகுப்புக்கு என்று பிரிக்க மரங்கொத்தி ஒரு முறை வைத்திருந்தது. தேதி இருந்தால் செய்தி, தேதி இல்லாவிட்டால் பாடம்.

அந்தப் பருவத்தில் பேராசிரியர் ஒரு பயிற்சி கொடுத்தது. நாளிதழ்களில் முக்கியமானவர்கள் உயிரோடு இருக்கும்போதே இரங்கல் குறிப்பை எழுதித் தயாராக வைத்துக்கொள்வது வழக்கம். அதுபோல ஆளுக்கு ஒன்று எழுதி வர வேண்டும். மொத்தம் பத்து மதிப்பெண். எதற்கென்று சொல்லாமல் பேட்டி எடுக்க வேண்டும் என்பது விதி.

செவ்வாய்க்கிழமை காலை செங்கமலம் ஓடைக்குப் போனது. மருதையன் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது.

"ஐயா, நீங்க எந்தக் கோடையில பொறந்தீங்க?"

"எதுக்கும்மா?"

"பாடத்துக்கு."

"நான் பாடத்துல வர்ற அளவுக்கு என்ன பண்ணிட்டேன்?"

அதைத்தான் கேட்க வந்தேன் என்றது செங்கமலம். மருதையன், பெரிய பஞ்சம் வந்த ஆண்டில் இந்த ஓடை வறண்டு கிடந்ததையும், தான் மூன்று நாள் குளம்பால் மணலைத் தோண்டி ஊற்றைக் கண்டதையும் சொன்னது.

"இது யாருக்கும் தெரியாதே ஐயா."

"என் வீட்டுக்காரி இருந்தவரைக்கும் பார்க்கிறவங்ககிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டிருப்பா. அவ போன பிறகு, நானே எப்படிம்மா சொல்லிக்கிறது?" என்றது மருதையன். "எழுதினா ஒரு தடவை படிச்சுக் காட்டு. கண்ணு சரியாத் தெரியல."

செங்கமலம் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டே "சரிங்க ஐயா" என்றது.

புதன்கிழமை குறிப்பைக் கொடுத்ததும் பேராசிரியர் அதை இரண்டு முறை படித்தது. அவ்வளவு நன்றாக வந்திருந்தது. ஆனாலும் ஒன்பதுதான் போட்டது.

"‘எப்போது’ எங்கே?"

"சார், அவர் இன்னும் இறக்கவே இல்லையே."

"அது அவர் பிரச்சினை. ஆறு கேள்வியில ஒண்ணு விட்டா ஒரு மார்க் போச்சு."

வகுப்பில் முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் அந்த ஒன்றுதான் வித்தியாசம். செங்கமலம் தாளை வாங்கி, ‘வியாழக்கிழமை அதிகாலை’ என்று எழுதிக் கொடுத்தது. பத்துக்குப் பத்து.

தாள் பைக்குள் போயிற்று. மறுநாள் மரங்கொத்தி வந்தது. தேதியைப் பார்த்தது, கொத்திவிட்டது.

காட்டில் ஓர் உப்புப் பாறை உண்டு. பட்டியலில் பெயர் இருப்பவர்களை வரிசையில் நிறுத்திக் கரடி உள்ளே விடும். வெள்ளிக்கிழமை மருதையனின் முறை வந்தது.

"பேரு?"

"மருதையன்."

"அவர் தவறிட்டாரே. மரத்துல போட்டிருக்கு."

"நான்தான்பா மருதையன்."

கரடிக்குக் கோபம் வந்தது. "அவரை எனக்குச் சின்ன வயசுல இருந்தே தெரியும். அவர் பேரைச் சொல்லி உப்பு நக்க வந்திருக்கியே, உனக்கே நல்லா இருக்கா? தள்ளு. அடுத்து யாரு?"

மருதையன் நேராகக் கல்லூரிக்கு வந்தது. விஷயத்தைக் கேட்டதும் செங்கமலத்தின் முட்களெல்லாம் படிந்துபோயின.

"ஒரு மார்க்குக்காகத் தேதி போட்டுட்டேன் ஐயா."

"ஒரு மார்க்குக்கே இப்படின்னா, ரெண்டு மார்க்குக்கு என்னைப் புதைச்சே இருப்பே போல."

இரண்டும் பேராசிரியரிடம் போயின. பேராசிரியர் மருதையனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "திருத்தம் போட ரெண்டு ஆதாரம் வேணும். சம்பந்தப்பட்டவரையே ஆதாரமா எடுத்துக்க முடியாது. அவருக்கு இதுல சுயநலம் இருக்கு" என்றது.

"உயிரோட இருக்கிறதுலயா சார்?"

"அதுலதான். இன்னொண்ணும் கேட்டுக்கோ. செய்தி தப்புன்னு எழுதிக் கொடுத்தா உன் செய்முறைத் தேர்வு ரத்து. பட்டம் இந்த வருஷம் கிடையாது. யோசிச்சுச் செய்."

பட்டம் கையில் கிடைத்தால் காட்டின் ஒரே நாளிதழில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒரு வருடம் தள்ளிப்போனால் அந்த இடத்துக்குக் கிளி வந்துவிடும். கிளி படிக்கவில்லை, ஆனால் சொன்னதைச் சொல்லும். செங்கமலம் நான்கு நாள் சரியாகச் சாப்பிடாமல் யோசித்தது. ஐந்தாம் நாள் உட்கார்ந்து, ‘மருதையன் உயிரோடு இருக்கிறார். பிழை என்னுடையது’ என்று திருத்தம் எழுதியது. செய்முறைத் தேர்வுக்கு வரும் வெளித் தேர்வாளரிடமே கொடுத்துவிடலாம் என்று முதுகில் ஒரு முள்ளில் குத்தி வைத்துக்கொண்டது.

இதற்கிடையில் வேங்கை மரத்தடியில் இரங்கல் கூட்டம் நடந்தது. மறுப்புச் சொல்லத்தான் மருதையனும் போனது. ஆனால் அதற்குள் மான் பேசத் தொடங்கிவிட்டது.

"தினம் இந்தத் தண்ணியைக் குடிக்கிறோம். யார் தோண்டினதுன்னு இன்னைக்குத்தான் தெரியுது" என்றது மான், தழுதழுத்த குரலில்.

பேச்சின் நடுவில் குறுக்கிடுவது நாகரிகமில்லை என்று மருதையன் கடைசி வரிசையில் நின்றது. மானுக்குப் பிறகு முயல் பேசியது, முயலுக்குப் பிறகு மூன்று குரங்குகள் பேசின. கடைசியில் கரடி வந்து, தலையளவு உப்புக்கட்டி ஒன்றை மரத்தடியில் படையலாக வைத்து, வெள்ளிக்கிழமைதோறும் வைப்பதாக வாக்குக் கொடுத்தது. எல்லோரும் கலைந்து போனார்கள். உப்புக்கட்டி அங்கேயே இருந்தது. மருதையன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தது. வரிசை கிடையாது, பட்டியல் கிடையாது.

தேர்வு நாள் வந்தது. பக்கத்துக் காட்டிலிருந்து வந்த வெளித் தேர்வாளர் ஒரு நரி. மதியச் சாப்பாடு என்ன என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகு, வாசலில் நின்று மரத்தில் இருந்த குறிப்பைப் படித்தது.

"அருமையா இருக்கும்மா. இறப்பை உறுதி செஞ்சது யாரு?"

செங்கமலம் முள்ளிலிருந்து தாளை எடுத்தது. "யாரும் செய்யலைங்க. அவர் உயிரோடதான் இருக்கார். இதோ திருத்தம். அதோ அவரே நிக்கிறார்."

அன்று வெள்ளிக்கிழமை. மருதையன் மரத்துக்கு அந்தப் பக்கம் நின்று வாயைத் துடைத்துக்கொண்டிருந்தது. நரி அருகில் போய், "பெரியவரே, நீங்கதான் மருதையனா?" என்று கேட்டது.

மருதையன் உப்புக்கட்டியைப் பார்த்தது. நரியின் கையில் இருந்த தாளைப் பார்த்தது. பிறகு படிந்துபோன முட்களோடு நின்ற செங்கமலத்தைப் பார்த்தது.

"இல்லீங்க. அவர் தவறிட்டார். ஓடையைத் தோண்டினவர். நல்லவர்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கடைசி வரைக்கும் அவர் கூடவே இருந்தேன்."

நரி திருப்தியோடு தலையாட்டி, ‘நேரில் கண்ட சாட்சி உறுதி செய்தார்’ என்று எழுதிக்கொண்டது. திருத்தத்தை ஆதாரமற்றது என்று திருப்பிக் கொடுத்துவிட்டது. செங்கமலத்துக்கு முதல் வகுப்பு.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு செங்கமலம் கேட்டது. "ஏன் ஐயா அப்படிச் சொன்னீங்க?"

"அந்தத் தாளை வாங்கிக்கிட்டா உனக்கு ஒரு வருஷம் போகும், எனக்கு மறுபடியும் வரிசை. யாருக்கு என்ன லாபம்?" என்றது மருதையன். "அது கிடக்கட்டும். படிச்சுக் காட்டறேன்னு சொன்னியே."

செங்கமலம் மரத்தின் முன் நின்று சத்தமாகப் படித்தது. பஞ்சத்து ஓடையைப் பற்றிய இடம் வந்ததும் மருதையன், "அந்த வரியை இன்னொரு தடவை படிம்மா" என்றது. இன்னொரு தடவை படித்தது.

செங்கமலம் இப்போது நாளிதழில் இருக்கிறது. பிழைத் திருத்தப் பகுதியை அதுதான் கவனிக்கிறது. பகுதி பெரும்பாலும் காலியாகவே வருகிறது. பல மழைக்காலம் கழித்து மருதையன் இன்னொரு முறை இறந்தது. ஏற்கெனவே வந்த செய்தி என்பதால் யாரும் போடவில்லை. வேங்கை மரம் கல்லூரி வாசலில் நிற்கிறது. மரம் பருத்ததில் எழுத்துகள் கொஞ்சம் அகன்றிருக்கின்றன. தேதியைப் பட்டை மூடிவிட்டது. மற்றதெல்லாம் படிக்கும்படி இருக்கிறது.

நீதி: செய்தி தவறு என்று தெரிந்தவுடன் திருத்தம் போட அவசரப்படக் கூடாது. செத்தவருக்கு அது வசதியாக இருக்கிறதா என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும்.