புஷ்பத்துக்கு டீ கூடிப்போச்சு

"சாவிய எங்கங்க வச்சீங்க?"

"சொல்ல மாட்டேன்."

தேயிலை டின் அலுமாரிக்குள் இருந்தது. அலுமாரிச் சாவி மோகனராஜின் அரைஞாண் கயிற்றில் இருந்தது. கம்பளை டவுனில் தேயிலைக் கடை வைத்திருப்பவர் வீட்டில் காலையிலிருந்து ஒரு சொட்டு டீ இல்லை. அவர் மனைவி புஷ்பத்துக்குத் தலை விண்விண்ணென்று தெறித்தது.

"டொக்டர் என்ன சொன்னாரு? டீ கூடிருக்கு, இன்னும் கூடினா குளிசைய நிப்பாட்டணும்னு சொன்னாரா, இல்லையா?"

"எங்கிட்டயா சொன்னாரு? நான் திரைக்குப் பின்னால சேலை கட்டிக்கிட்டு இருந்தேன்."

"அதான் நான் சொல்றேன்ல!"

புஷ்பம் சாவி கேட்பதை விட்டாள். அவள் மார்பில் வந்த புற்றுநோயை அந்தக் குளிசைதான் அடக்கி வைத்திருந்தது. பரவிய இடமெல்லாம் சுருங்குகிறது என்று ஸ்கேனைக் காட்டிச் சொல்லியிருந்தார்கள். ஆனால் இதயத் துடிப்பைக் கொஞ்சம் குழப்பிவிடக்கூடிய குளிசை அது. அதனால்தான் கண்டி கிளினிக்கில் நெஞ்சில் வயர் ஒட்டி அடிக்கடி ஈசீஜீ எடுத்தார்கள். குளிசையை நிறுத்திவிட்டால்? அந்தப் பயத்துக்கு முன்னால் டீ எம்மாத்திரம்!

தலைவலிக்கு மோகனராஜே வைத்தியம் கண்டுபிடித்தார். கொல்லை மரத்தில் பம்பளிமாஸ் என்கிற ஜம்போலாப் பழங்கள் தலையளவு தொங்கின. சுளையுரித்துப் பிழிந்து, சீனி போட்டு, காலையும் மாலையும் ஒரு கிளாஸ் நீட்டினார்.

"டீக்குப் பதிலா இதக் குடி. நெஞ்சுக்குக் குளிர்ச்சி."

கசந்தது. குடித்தாள்.

அடுத்த ஈசீஜீயில் இன்னும் கூடிவிட்டது. புஷ்பம் திரைக்குப் பின்னால் இருக்க, டொக்டர் தன் அரைகுறைத் தமிழில் மோகனராஜைத்தான் பிடித்துக்கொண்டார். "வேற மருந்து ஏதும் எடுக்கறதா?"

"ஒண்ணுமே இல்ல டொக்டர்." ஜம்போலா என்ன மருந்தா?

பஸ்ஸில் திரும்பும்போது மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"உண்மையச் சொல்லு. ரிப்கா வீட்டுல திருட்டு டீ குடிச்சியா?"

"சாமி சத்தியமா இல்லங்க!"

பக்கத்து வீட்டு ரிப்காவிடமே போய் விசாரித்தார். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"இதென்ன கத மோகன் அண்ணன்? தேயில விக்கிற நீங்க கேக்கிற கேள்வியா இது? அவ கேக்கவுமில்ல, நான் குடுக்கவுமில்ல!"

அப்படியானால் எங்கிருந்து கூடுகிறது? யோசித்துக்கொண்டே முகத்தைத் துடைத்தவருக்குத் தன் சட்டையே மணத்தது. பகலெல்லாம் தேயிலைத் தூளோடு புழங்குகிற சட்டை. ஆகா, வாசம்! மூக்கு வழியாக ஏறி நேரே இதயத்துக்குப் போகிறது!

அன்று முதல் கடையிலிருந்து வந்ததும் முற்றத்துக் குழாயடியில் துண்டைக் கட்டிக்கொண்டு குளித்துவிட்டுத்தான் படியேறினார். குளிரில் பல் தந்தியடித்தது. மதிலுக்கு மேலே ரிப்காவின் தலை முளைத்தது.

"ஊட்டுக்குள்ள பாத்ரூம் ஈக்கிதானே அண்ணன்?"

"டீ வாசம் உள்ள போகக்கூடாது!"

"அப்ப கடைய மூடுங்களேன்!"

அவள் கேலிக்குச் சொன்னாள். மோகனராஜ் மூடியே விட்டார். மூடிவிட்டு வீட்டில் என்ன செய்வது? ஜம்போலா பிழிந்தார். இரண்டு வேளை நாலு வேளையானது.

அடுத்த தடவை படத்தைப் பார்த்ததும் டொக்டரின் முகம் சுருங்கியது.

"சரிவராது. குளிசை நிப்பாட்டத்தான் வேணும்."

புஷ்பத்தின் கண்கள் நிறைந்தன. மோகனராஜ் உடைந்துபோனார். "டொக்டர், இவளுக்காக நான் கடையக்கூட மூடிட்டேன்! ஜம்போலாத் தண்ணியிலதான் வச்சிருக்கேன்!"

அழுகையோடு கொட்டிய தமிழில் டொக்டருக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. தாதி தர்ஷிகாவைக் கூப்பிட்டார். அவள் சிங்களத்தில் சொன்னாள். "ஜம்போலா" என்ற சொல் வந்ததும் டொக்டர் மேசையில் ஓங்கித் தட்டினார்.

தர்ஷிகா விளக்கினாள். அந்தப் பழம் குளிசையின் மருந்தை உடம்பிலிருந்து கழிய விடாது. தேங்கும் மருந்து துடிப்பைக் குழப்பும். பழத்தை விட்டு, சில நாள் குளிசைக்கு ஓய்வு கொடுத்து, மறுபடி ஈசீஜீ எடுத்துப் பார்த்து, சரியாக இருந்தால் அதே குளிசையைத் தொடரலாம். முதல் தடவை கூடினது இம்மியளவு. கவனித்துக்கொண்டாலே போதுமாக இருந்தது.

"அப்ப குளிசைய ஒரேயடியா நிப்பாட்டலதானே மிஸ்ஸி?"

"இல்ல அன்ட்டி. பயப்படாதீங்க."

புஷ்பம் சிரித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு வாய் நிறையச் சிரித்தாள். அதைப் பார்த்ததும் மோகனராஜுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கொஞ்சம் மிடுக்கும் வந்தது.

"சரி மிஸ்ஸி, ஜம்போலா என் தப்புத்தான். ஆனா நான் டீய நிப்பாட்டினது நல்லதாப் போச்சா, இல்லையா?"

தர்ஷிகா ஈசீஜீப் படத்தை அவர் முன்னால் விரித்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"ஐயோ அங்கிள், டொக்டர் கூடிருக்குன்னு சொன்னது நீங்க விக்கிற டீ இல்ல, கியூ-டீ... இந்தக் கோட்டுல கியூங்கிற எடத்துல இருந்து டீங்கிற எடம் முடியுற வரைக்கும் உள்ள நேரம்!"