எஸ்கோட் என்ற சொல்லால் வந்த வினை

முருகன் துணை

வெள்ளவத்தை,
மாசி, 1998

அன்புள்ள மச்சான் தில்லைநாதனுக்கு,

இவ்விடம் வெயிலும் சோதனைச் சாவடியும் குறைவின்றி இருக்கின்றன. லண்டன் குளிரில் நீங்கள் எல்லாரும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்று உங்கள் தங்கை நாகேஸ்வரி உங்களுக்கு எழுதிவிட்டாளாம். நடந்தது இதுதான்.

ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியன் எவ்வளவு காலத்துக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பது? பொலிஸுக்கும் தூதரகத்துக்கும் தனியே போகப் பயப்படும் பெண்களுக்குத் துணை போகலாமென்று ஆங்கிலப் பத்திரிகையில் விளம்பரம் போட்டேன்: 'எஸ்கோட் சேவை. மரியாதையான முதியவர்.' எஸ்கோட் என்றால் வழித்துணை; அகராதி பார்த்துத்தான் போட்டேன். இத்தாலிய மொழியில் அதற்கு வழிகாட்டுதல் என்று பொருள், அதற்கும் அடியில் லத்தீனில் நேராக்குதல். எவ்வளவு சுத்தமான சொல்! ஆனால் தொலைபேசியை எடுத்தது நாகேஸ்வரி. "எத்தினை பெட்டையள் வைச்சிருக்கிறியள்?" என்று ஓர் ஆண்குரல் கேட்டதாம். "இந்த வயசிலை என்ன யாவாரம் தொடங்கியிருக்கிறியள்?" என்று என்னைக் கேட்டுவிட்டு, இரண்டு நாள் அவள் என்னோடு கதைக்கவில்லை.

சொல்லைச் சரியாக விளங்கிக்கொண்டவள் மட்டக்குளியில் தையல் வேலை செய்யும் சிவமணி ஒருத்திதான். அவளுடைய தாய் ஆறாயி நேரில் வந்தாள். "புள்ள கனடாவுல இருக்க அவ புருசன்கிட்ட போகணும். விசாவுக்குக் கூப்பிட்டிருக்காங்க. புள்ளய தனியா அனுப்பப் பயமா இருக்குங்க ஐயா."

குறித்த நாளில் நானும் சிவமணியும் போனோம். வழியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். என் அடையாள அட்டையில் யாழ்ப்பாண முகவரி. "இந்தப் பெண் உனக்கு யார்?" என்று அதிகாரி கேட்டார். வகுப்பறை ஆங்கிலத்தில் நிமிர்ந்து சொன்னேன், நான் இவளுடைய எஸ்கோட் என்று. அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். அட்டையிலிருந்த முகவரியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. சிவமணியைப் போகச் சொல்லிவிட்டு என்னை ஜீப்பில் ஏற்றினார்கள்.

அவள் போகவில்லை. ஓட்டோ பிடித்துப் பின்னாலேயே பொலிஸ் நிலையத்துக்கு வந்துவிட்டாள்.

"நேரம் போகுது பிள்ளை, நீ போ" என்றேன்.

"உங்கள விட்டுட்டு எப்படிங்க ஐயா போறது?"

வாங்கில் உட்கார்ந்துகொண்டு, வருகிற ஒவ்வொரு அதிகாரியிடமும் எழுந்து, "மகே தாத்தா வகே, சேர்" என்றாள். சிங்களத்தில், 'என் அப்பா மாதிரி' என்று. பின்னேரம்தான் என்னை விட்டார்கள். அதற்குள் தூதரகம் பூட்டியாயிற்று.

கலியாணம் முடித்த கையோடு கனடா போய்விட்ட புருஷன். திரும்பி வரும்போது அவளுடைய முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அவள்தான் சொன்னாள்: "விசா இன்னொரு நாள் கிடைக்கும் ஐயா. உள்ள போனவங்க…" பாதியில் நிறுத்தி, எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தாள். துணை போகிறவர் யார், அழைத்துச் செல்லப்படுகிறவர் யார் என்பது அகராதியில் தெளிவாகத்தான் இருக்கிறது. அந்த பஸ்ஸில் எனக்குத் தெளிவாக இல்லை.

தூதரகம் வேறு நாள் கொடுத்திருக்கிறது. நான் விளம்பரத்தை நிறுத்திவிட்டேன். இனி ஒருவரோடும் ஓரிடமும் போவதில்லை. இதை உங்கள் தங்கைக்கு எழுதி அவள் மனதை ஆற்றுங்கள். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு திரியச் சொல்லுங்கள்.

அன்புடன்,
சவுந்தரநாயகம்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் நாகேஸ்வரி வாசித்துவிட்டாள். "அந்தப் பிள்ளையோடை நீங்கள் போங்கோ. உங்களோடை நான் வாறன்" என்றாள். எந்தச் சேலை கட்டுவதென்று இப்போது அலுமாரியைத் துழாவிக்கொண்டிருக்கிறாள்.