நாலடி பத்தங்குலம்

கடைசியாக ராமுத்தாய் கேட்டது விசில் கணக்குத்தான்.

கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டே, "எத்தன விசில் வந்துச்சு?" என்று குரல் கொடுத்தாள். பெரியகருப்பன் முன்னறையில் உட்கார்ந்து போனில் அன்றைய ஏலக்காய் விலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, "மூணு" என்றார்.

அவர் எண்ணவே இல்லை. அவள் நம்பினாள். உள்ளே வந்து அடுப்பை அணைத்தாள். பிறகு நெஞ்சை ஒருமாதிரி அடைக்கிறது என்று சுவரோரம் உட்கார்ந்தாள். மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்தக் குக்கரைப் பற்றி அவருக்கு நினைவு வந்தபோது பதினாறாம் நாள் காரியமும் கழிந்திருந்தது. யாரோ அதைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். பருப்பு வெந்திருந்ததா என்று யாரைக் கேட்பது? கேட்டால் பைத்தியம் என்பார்கள்.

பதினான்கு மாதமாக அவர் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. அவர் போடியில் ஒரு ஏலக்காய்க் கமிஷன் கடையில் முப்பத்தோரு வருஷமாகக் காய் தரம் பிரிக்கிறவர். அவர் கை பட்ட சரக்கில் ஏழு எம்எம் காய் ஒன்றுகூட எட்டு எம்எம் சாக்குக்குள் போனதில்லை என்று பேர். அப்படிப்பட்டவர், கட்டினவள் கேட்ட கடைசிக் கேள்விக்கு எண்ணாமல் ஒரு எண்ணைச் சொல்லியிருந்தார். இதை யாரிடமாவது சொல்லவேண்டும். மகள் சுசித்ராவிடம் மட்டும் கூடாது. அம்மாவைப் பற்றி அவளுக்கு மிச்சம் இருக்கிறதில் இதையும் போய்ச் சேர்க்க அவருக்கு மனம் வரவில்லை.

கூடவே காய் பிரிக்கும் தங்கபாண்டிதான் வழி சொன்னான். "மறுகல்யாணத்துக்குன்னே சைட்டு இருக்குண்ணே. நம்ம வயசுக்காரவகளும் இருக்காக. கட்டிக்கிறணும்னா சொன்னேன்? பேசிப் பாருங்க."

"காசு கேப்பானா?"

"ஓசியிலயும் இருக்கு."

பெரியகருப்பன் கஞ்சர் இல்லை. ஆனால் அவருடைய வங்கிக் கணக்கில் ஒரு ரூபாய் அசைந்தாலும் கோயம்புத்தூரில் இருக்கும் சுசித்ராவின் போனில் மணி அடிக்கும். முன்பு ஒருமுறை எவனோ அழைத்து ரகசிய எண்ணைக் கேட்டு, இவரும் மரியாதையாகச் சொல்லிவிட்டதில் இருந்து அப்படி. இந்தப் போனை வாங்கித் தந்ததும், தன் மெயிலைப் போட்டு எல்லாவற்றையும் திறந்து வைத்ததும் அவள்தான். நாலு வாழைப்பழம் வாங்கினால்கூட, "யாருக்குப்பா பழம், வயித்துக்கு என்ன?" என்று கேட்பாள். இந்த வயதில் அப்பா ஒரு பெண்ணோடு பேசப் பணம் கட்டினார் என்ற செய்தி அவள் கையில் மணியடித்துக்கொண்டு போய் விழக்கூடாது. அம்மா போய் ஒன்றேகால் வருஷம்கூட ஆகவில்லை.

ஆகவே இலவசம் என்றால் முழு இலவசமாக இருக்கவேண்டும்.

முதல் தளத்தில் சேர இலவசம், பார்க்க இலவசம், பூ அனுப்ப இலவசம். ஒரு வார்த்தை எழுதப் போனால் பூட்டுப் படம் வந்து நின்றது. இரண்டாவதில் எழுத இலவசம், படிக்கிறவர் பணம் கட்டவேண்டும். ஒரு பெண்பிள்ளையை இப்படிச் செலவுக்குள் இழுத்துவிடுவது முறையில்லை என்று அவர் அன்றே வெளியே வந்தார். மூன்றாவது உண்மையிலேயே இலவசம். அங்கே சேர்ந்த பத்து நிமிடத்துக்குள் இருபது வயதுப் பெண்கள் பதினோரு பேர் அவரை 'டியர்' என்றார்கள். தங்கபாண்டி போனைப் பிடுங்கி அதை அழித்துவிட்டு, இனிமேல் தான் சொல்லாமல் எதையும் தொடவேண்டாம் என்றான்.

நான்காவது தளத்தில்தான் தேவியைப் பார்த்தார். வயது ஐம்பத்தொன்று, கணவர் இல்லை, தேவாரம் என்ற ஊரில் தையல். பொழுதுபோக்கு என்ற இடத்தில் இப்படி இருந்தது: 'பழைய சேலையில் தலையணை உறை தைப்பது. தோட்டத்துக்கு யானை வந்தால் தகரம் தட்டுவது.'

தகரம் தட்டினால் யானை போய்விடுமா என்று அவருக்கு உடனே கேட்கத் தோன்றியது. எழுதப் போனால் அங்கேயும் பூட்டு. அந்தப் பூட்டை அவர் அதற்குப் பிறகு ஏறிட்டும் பார்க்கவில்லை. ஆனால் தன் விவரத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், அது இலவசம் என்று கீழே போட்டிருந்தது. யார் யாரைப் பார்த்தார்கள் என்பதையும் தளம் காட்டியது.

அவர் தன் பொழுதுபோக்கை மாற்றினார். 'தகரச் சத்தத்துக்கு யானை போய்விடுமா என்று தேவாரத்துக்காரர்களிடம் கேட்டறிவது.'

ஆள் வைத்துப் படித்துப் பார்த்துத்தான் எதையும் வெளியிடுவார்களாம். ஒரு நாள் ஆயிற்று. மறுநாள் காலையில் தேவியின் பொழுதுபோக்கு மாறியிருந்தது. 'போகாது. ஆனால் தட்டுகிறவருக்குத் தைரியம் வரும்.'

அதிலிருந்து பேச்சு நடந்தது, நாளுக்கு ஒரு வரியாக. 'சாப்பிட்டாச்சா' என்பது பொழுதுபோக்கு ஆகாது என்று தளம் தள்ளிவிட்டது. அவர் அதை உணவுப் பழக்கத்தில் போட்டார், ஏற்றுக்கொண்டார்கள். தேவி தாய்மொழி என்ற இடத்தில், 'தமிழ், இன்று தொண்டை கட்டிவிட்டது' என்று எழுதினார். இவர் குலதெய்வம் என்ற இடத்தில், சாமி பேருக்குப் பக்கத்தில் சுக்கும் மிளகும் என்று போட்டார்.

சிக்கல், இது ஊருக்கே தெரிகிற இடம். சிலமலையில் இருந்து அமாவாசை என்ற ஒரு விவசாயி தன் பொழுதுபோக்கை, 'மிளகாய்ப்பொடிப் புகை போட்டால் யானை போகும்' என்று மாற்றினார். தேவியின் தொண்டைக்கு அவர் தொழில் பகுதியில் கஷாயம் சொன்னார். அந்தக் கஷாயம் தவறு என்று பெரியகருப்பன் தன் கல்வித்தகுதியில் எழுதவேண்டி வந்தது. தங்கபாண்டி படித்துப் பார்த்துவிட்டு, இந்த விவரத்தோடு உங்களுக்கு இனி யாரும் பெண் தரமாட்டார்கள் என்றான்.

ஒரு நாள் தேவி எதிர்பார்ப்பு என்ற இடத்தில் எழுதியிருந்தார்: 'வசதி வேண்டாம். அடுப்படியில் இருந்து ஒன்று கேட்டால் முன்னறையில் இருந்து பதில் வரவேண்டும்.'

பெரியகருப்பன் அன்று காய் பிரிக்கவில்லை. குரங்கணியில் இருந்து ஜீப்பில் வந்த லோடு பிரிக்காமலே கிடந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போய் 'என்னைப் பற்றி' என்ற இடத்தைத் திறந்து எழுதினார். 'அவள் விசில் எத்தனை என்று கேட்டாள். நான் எண்ணவில்லை. மூன்று என்று சொன்னேன். அவள் அதை நம்பித்தான் உள்ளே வந்து அணைத்தாள்.'

அதை வெளியிட இரண்டு நாள் எடுத்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் தேவியின் பகுதியில் பதில் வந்தது: 'எண்ணியிருந்தால் அவர்கள் ஏன் கேட்கிறார்கள். அவர்களும் எண்ணவில்லை.'

அவர் அதைப் படித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் சுசித்ரா பேசினாள். வேலை, மழை, தண்ணீர் எல்லாம் பேசி முடித்துவிட்டுச் சம்பந்தமில்லாமல் சொன்னாள். "ப்பா, நான் குக்கர் வச்சா விசிலே எண்ணுறதில்ல. வாசம் வந்தா அமத்திருவேன். அம்மாவும் அப்படித்தான். சும்மா பேச்சுக்குத்தான் கேக்கும்."

"சரித்தா" என்றார். பிள்ளைக்குப் பேச வேறு ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் தேவியின் விவரத்தில் பிடித்த இடம் 'போடி பஸ் ஸ்டாண்டு டீக்கடை' என்று ஆயிற்று. விரதம் என்ற இடத்தில், 'இல்லை, ஆனால் வெள்ளிக்கிழமை வெளியூர் போவது உண்டு' என்றிருந்தது. எத்தனை மணிக்கு என்று மட்டும் இல்லை. எந்த இடத்தில் எண் எழுதினாலும் போன் நம்பரோ என்று தளம் அழித்துவிடும்.

தேவியின் உயரம் ஐந்தடி இரண்டு. அன்று நாலடி பத்தங்குலம் என்று இருந்தது. அளவெடுத்தே பழகின கண் என்பதால் மாற்றம் உடனே தெரிந்தது. ஏன் என்று தெரிய அரை மணி நேரம் ஆயிற்று.

சம்மதம் என்று சொல்ல அவர் தன் உயரத்தையும் நாலடி பத்தாக்கவேண்டும். அவர் ஐந்தடி ஒன்பது. தொழிலுக்கு வந்த நாளில் இருந்து அளவில் பொய் சொல்லாத மனிதர். போனைக் கீழே வைத்தார், எடுத்தார். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு பதினோரு அங்குலத்தை இழந்தார்.

மறுநாள் சிலமலை அமாவாசையும் நாலடி பத்தாகியிருந்தார்.

அன்றைக்கே சுசித்ரா அழைத்தாள். "ப்பா, உங்களுக்கு ஒரு சட்ட எடுக்குறேன். ஒசரம் எவ்வளவு சொல்லுங்க?"

"எதுக்குத்தா ஒசரம்? பழைய அளவுதான்."

"கொறஞ்சிருக்குமோன்னு கேட்டேன்."

"மனுசன் எப்படித்தா கொறைவான்?"

"அதுஞ்சரிதான்" என்றாள். வியாழக்கிழமை கூரியரில் சட்டை வந்தது. இளநீலம். அளவு அப்படியே பொருந்தியது.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கே அவர் டீக்கடையில் இருந்தார். கையில் குடையோடு ஒருவர் ஏற்கெனவே பெஞ்சில் இருந்தார். பெரியகருப்பனைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார்.

"அமாவாசைங்க. சிலமலை. தப்பா நெனைக்காதீக அண்ணே, போட்டிக்கு வரல. ரெண்டு மாசமா தெனம் படிச்சிட்டு வாரேன். முடிவு தெரியாம வீட்டுல இருப்புக்கொள்ளல."

"அப்பறம் எதுக்கு ஒசரத்த மாத்துனீக?"

"நானும் வர்றேன்னு சொல்ல வேற எடம் இல்லையே."

தேவாரம் பஸ் சரியாக நாலு பத்துக்கு வந்தது. தேவி கையில் ஒரு துணிப்பையோடு இறங்கி, இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். உயரமாக இருந்தவரிடம் வந்து நின்றார்.

"நாலடி பத்துன்னு போட்டிருந்துச்சு. நேர்ல ஒசரம் கூடத் தெரியுதே."

"நீங்களும் ஒரு பிடி கூடத்தான் இருக்கீக" என்றார் பெரியகருப்பன்.

மூன்று டீ வந்தது. அதற்கு மேல் என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. நாளுக்கு ஒரு வரி பேசிப் பழகியவர்கள். இன்றைய வரி முடிந்துவிட்டிருந்தது. அமாவாசை டீயைக்கூடக் குடிக்காமல் காத்திருந்தார்.

அப்போது போன் அடித்தது. தெரியாத எண். பஸ் இரைச்சலில் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டார். ஒரு பெண் அந்தத் தளத்தின் பெயரைச் சொன்னாள்.

"சார், நீங்க கோல்டு மெம்பராகிப் பதினெட்டு நாளாச்சு. எத்தன மெசேஜ் வேணா அனுப்பலாம். நீங்க ஒண்ணுகூட அனுப்பல, உங்க உயரத்த மட்டும் கொறச்சிருக்கீங்க. எதுவும் பிரச்சினையா சார்?"

தேவியின் பார்வையை அவரால் தாங்க முடியவில்லை. "நான் ஒரு பைசா கட்டலயேம்மா. ஆள மாத்திப் பேசுற."

விசைகள் தட்டும் சத்தம் கேட்டது.

"கட்டுனது சுசித்ரான்னு ஒருத்தங்க சார். நீங்க பதிஞ்ச மெயிலும் அவங்களோடதுதான். மொத நாள் யானையில இருந்து நீங்க மாத்துன ஒவ்வொரு வரியும் அவங்களுக்குத்தான் போயிட்டிருக்கு."

பெரியகருப்பன் புதுச்சட்டையின் கைப்பட்டனைத் தொட்டுப் பார்த்தார்.

அன்று வந்தது எத்தனை விசில் என்பது மட்டும் இன்றுவரை தெரியாது.